நிலாவின் இழுப்பில் பாதை மாறிய சந்திரயான்-3 கலன்... விண்வெளியில் 'கதவு' திறப்பதும் மூடுவதும் எப்படி?

சந்திரயான்-3 என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2023 ஆகஸ்ட் 23 மாலைதான். விக்ரம் லேண்டர் நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கியதை நாடே டிவி முன்னாடி உட்கார்ந்து பார்த்தது. ஆனால் அந்த லேண்டரை நிலா வரைக்கும் சுமந்துகொண்டு போன இன்னொரு கலன் இருக்கிறது. அதுதான் உந்துவிசை கலன். லேண்டரைப் பிரித்து விட்டதோடு அதன் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2025 நவம்பரில் அந்தக் கலன் மறுபடியும் நிலா பக்கம் போனது. இரண்டு முறை நிலாவை நெருங்கிக் கடந்தது. வெளியே வந்தபோது அதன் சுற்றுப்பாதையே வேறாக இருந்தது. பூமி இழுக்கிறது, நிலா இழுக்கிறது, நடுவில் ஒரு சின்னக் கலன். அது எங்கே போகலாம், எங்கே போகவே முடியாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அதற்கு 1836-லேயே ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள்.

என்ன நடந்தது?

2023 ஜூலை 14: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 ஏவப்பட்டது. இதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல்.

2023 ஆகஸ்ட் 17: லேண்டர் பிரிந்தது. உந்துவிசை கலன் நிலாவைச் சுற்றியபடியே இருந்தது. கலனில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம்.

2023 அக்டோபர் 9: அந்த எரிபொருளை வைத்து புதிய சோதனையை இஸ்ரோ தொடங்கியது. நிலாவிலிருந்து கலனின் அதிகபட்ச உயரம் 150 கி.மீ.யிலிருந்து 5,112 கி.மீ.க்கு ஏற்றப்பட்டது.

2023 அக்டோபர் 13: பூமி நோக்கித் திருப்பும் உந்துதல் கொடுக்கப்பட்டது. கலன் உடனே கிளம்பிவிடவில்லை. நிலாவை 4 முறை நெருங்கிக் கடந்து, நவம்பர் 10-ம் தேதிதான் நிலாவின் ஈர்ப்பு எல்லையை விட்டு வெளியே வந்தது. அதன்பின் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது.

2025 நவம்பர்: இரண்டு வருஷம் கழித்து, 4-ம் தேதி மறுபடி நிலாவின் ஈர்ப்பு எல்லைக்குள் போனது. 6-ம் தேதி நிலாவின் மேற்பரப்பிலிருந்து 3,740 கி.மீ. தூரத்திலும், 11-ம் தேதி 4,537 கி.மீ. தூரத்திலும் கடந்தது.

இதில் என்ன ஆச்சரியம்?

இஸ்ரோ வெளியிட்ட இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். நிலாவைச் சந்திப்பதற்கு முன் கலனின் பாதை பூமியிலிருந்து சுமார் 1 லட்சம் கி.மீ. முதல் 3 லட்சம் கி.மீ. வரை. சந்தித்த பிறகு 4.09 லட்சம் கி.மீ. முதல் 7.27 லட்சம் கி.மீ. வரை.

நிலா பூமியிலிருந்து சுமார் 3.63 லட்சம் கி.மீ. முதல் 4.05 லட்சம் கி.மீ. வரையிலான தூரத்தில் சுற்றுகிறது. அப்படியென்றால் கலனின் பழைய பாதை முழுக்க நிலாவின் பாதைக்கு உள்ளே இருந்தது. புதிய பாதை முழுக்க நிலாவின் பாதைக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருந்த ஒன்று, நிலாவின் வழியாகப் புகுந்து வெளியே போய்விட்டது.

இவ்வளவு பெரிய பாதைக்கு ஏற அதிக ஆற்றல் வேண்டும். அது எங்கிருந்து வந்தது? நிலாவிடமிருந்து. நிலா நொடிக்கு சுமார் 1 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. பக்கத்தில் சரியான கோணத்தில் கடக்கும் கலன் அந்த ஓட்டத்திலிருந்து கொஞ்சம் வேகத்தை வாங்கிக்கொள்ளும். நிலாவுக்கு ஏற்படும் இழப்பு அளக்கவே முடியாத அளவுக்குச் சிறியது.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. ஆற்றலை இப்படி நிலாவிடம் வாங்கலாம், கொடுக்கலாம் என்றால், கலன் எங்கே வேண்டுமானாலும் போய்விடுமா? இல்லை. அதற்குக் கணக்கில் ஒரு பூட்டு இருக்கிறது.

மூன்று பொருள் என்றாலே ஏன் தலைவலி?

பூமி, கலன் என இரண்டே பொருள் இருந்தால் கணக்கு சுலபம். கலன் நீள்வட்டத்தில் சுற்றும். நூறு வருஷம் கழித்து எங்கே இருக்கும் என்றுகூட ஒரு சூத்திரத்தில் சொல்லிவிடலாம். நியூட்டன் காலத்திலேயே இது தீர்ந்தது.

மூன்றாவதாக நிலா உள்ளே வந்ததும் நிலைமை மாறுகிறது. எல்லாச் சூழலுக்கும் பொருந்துகிற மாதிரி, எப்போது எங்கே இருக்கும் என்று சொல்லும் எளிய சூத்திரம் கிடையாது. ஆரம்பத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கொஞ்ச நாளில் பாதை முற்றிலும் வேறாகிவிடும். அதனால்தான் விண்வெளி நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் அடி அடியாகக் கணக்குப் போட்டு, இடையிடையே கலனைக் கண்காணித்துத் திருத்துகின்றன.

ஆனால் 1836-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கணித மேதை கார்ல் ஜாகோபி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். கலன் எங்கே போகும் என்று சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே போகவே முடியாது என்று சொல்லிவிடலாம். அதற்கு ஒரே ஒரு எண் போதும்.

ராட்டினத்தில் ஏறிப் பார்த்தால்...

திருவிழாவில் குடை ராட்டினம் சுற்றுகிறது. கீழே நின்று பார்ப்பவருக்கு அதில் உள்ள குதிரைகள் ஓடிக்கொண்டே இருக்கும். ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தவருக்கு எல்லாக் குதிரைகளும் அந்தந்த இடத்திலேயே நிற்கும்.

ஜாகோபி செய்தது அதைத்தான். நிலா சுற்றும் அதே வேகத்தில் நாமும் சுற்றிக்கொண்டே பார்த்தால் பூமியும் நிலாவும் அசையாமல் நிற்கும். அங்கிருந்து கலனின் ஆற்றலைக் கணக்கிட்டார். இந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் சேரும்: ராட்டினத்திலிருந்து பார்க்கும்போது கலனுக்கு இருக்கும் வேகம், பூமியும் நிலாவும் இழுக்கும் இழுப்பு, ராட்டினம் சுற்றுவதால் வெளியே தள்ளும் விசை. இந்த மூன்றையும் சேர்த்தால் வரும் எண், கலன் எங்கே போனாலும் மாறாது. இன்ஜினை இயக்கினால் மட்டுமே மாறும். இதற்கு ஜாகோபி மாறிலி என்று பெயர்.

நிலாவைக் கடக்கும்போது கலனின் பாதை பெரிதாகலாம், சிறிதாகலாம். சாதாரணக் கணக்கில் ஆற்றல் கூடும், குறையும். ஆனால் இந்த ஒரு எண் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பூட்டு இதுதான்.

ஏரியும் கலங்கலும்

இந்த எண்ணைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் ஏரியை நினைத்தாலே போதும். பூமி ஒரு ஆழமான பெரிய ஏரி. நிலா பக்கத்தில் இருக்கும் ஒரு குளம். இரண்டையும் சுற்றி உயரமான கரை. கரைக்கு அந்தப் பக்கம் எல்லையில்லாத கடல். கலனின் ஆற்றல்தான் தண்ணீர் மட்டம்.

மட்டம் குறைவாக இருந்தால் ஏரித் தண்ணீர் ஏரியிலேயே இருக்கும். குளத்துத் தண்ணீர் குளத்திலேயே இருக்கும். நடுவில் உள்ள கரை காய்ந்த தரை. படகு அங்கே ஏற முடியாது. கரையைத் தொட்ட இடத்தில் படகின் வேகம் பூஜ்யமாகி, திரும்பித்தான் ஆக வேண்டும். இந்தக் கரைக்கோட்டைத்தான் விஞ்ஞானிகள் 'பூஜ்ய வேகக் கோடு' என்கிறார்கள்.

மட்டம் ஏற ஏற என்ன ஆகும்? ஏரி நிரம்பினால் தண்ணீர் கரை முழுக்க வழியாது. தாழ்வாக விட்டிருக்கும் கலங்கல் வழியாகத்தான் முதலில் வழியும். விண்வெளியிலும் அதே கதைதான்.

முதல் கலங்கல், எல்-1: பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் இருக்கிறது. நிலாவிலிருந்து சுமார் 58,000 கி.மீ. மட்டம் இந்த உயரத்தைத் தாண்டினால் பூமி ஏரியும் நிலா குளமும் சேர்ந்துவிடும். பூமியிலிருந்து நிலாவுக்குப் போக வழி பிறக்கும்.

இரண்டாவது கலங்கல், எல்-2: நிலாவுக்கு அந்தப் பக்கம் சுமார் 64,500 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. முதல் கலங்கலைவிடக் கொஞ்சம்தான் உயரம். இதையும் தாண்டினால் வெளிக்கடலுக்கு வழி.

மூன்றாவது, எல்-3: பூமிக்கு அந்தப் பக்கம், நிலாவுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. இது இன்னும் உயரம்.

கடைசியாக எல்-4, எல்-5: எல்லாக் கரையையும் தண்ணீர் மூழ்கடித்த பிறகும் தீவு மாதிரி நிற்கும் இரண்டு மேடுகள். இவையும் மூழ்கிவிட்டால் தடை செய்யப்பட்ட பகுதி என்று எதுவுமே இருக்காது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் இருக்கிறது என்பதற்காகப் படகு அங்கே கண்டிப்பாகப் போகும் என்று அர்த்தமில்லை. போகலாம், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் இல்லாத இடத்துக்குப் படகு போகவே போகாது. அதற்கு உத்தரவாதம் உண்டு.

சந்திரயான்-3 கலனுக்கு இதைப் பொருத்தினால்...

150 கி.மீ. உயரத்தில் நிலாவைச் சுற்றியபோது கலன் குளத்துக்குள்ளேயே ஆழத்தில் இருந்தது. எல்லாக் கதவும் மூடி இருந்தன. 2023 அக்டோபரில் இன்ஜினை இயக்கியது, மட்டத்தை ஏற்றிக் கலங்கலைத் திறந்த மாதிரி. கதவு திறந்தவுடனே கலன் வெளியே ஓடிவிடவில்லை. நிலாவை 4 முறை கடந்து, வாசல் பக்கம் சரியாக வந்தபோதுதான் வெளியேறியது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பூமி ஏரியில் சுற்றியது. ஆனால் திறந்த கதவை யாரும் மூடவில்லை. 2025 நவம்பரில் அது மறுபடி நிலா குளத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளிவட்டத்துக்குப் போனது இந்தப் பின்னணியில்தான். பூமிப் பக்கத்திலிருந்து வெளிவட்டத்துக்குக் குறைந்த ஆற்றலில் போகிற வழி, நிலாவின் இரண்டு பக்கமும் உள்ள இந்த இரண்டு வாசல்களும்தான்.

நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. நாலாவது ஆளாகச் சூரியனும் இழுக்கிறது. அதனால் அந்த மாறாத எண்ணும் மெல்ல மெல்ல நகரும். கரை கொஞ்சம் கசியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எந்தப் பயணத் திட்டத்துக்கும் முதல் வரைபடம் இதுதான்.

அப்போ நிலா நம்மை விட்டுப் போயிடுமா?

'நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். விலகுவது உண்மைதான். அப்போலோ வீரர்கள் நிலாவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்ப வைத்து இதை அளந்திருக்கிறார்கள். ஆனால் பயப்பட வேண்டியதில்லை.

இதே ஏரிக் கணக்கைச் சூரியன்-பூமி ஜோடிக்கும் போடலாம். அங்கே பூமி குளம், சூரியன் பெரிய ஏரி. பூமிக் குளத்தின் கலங்கல்கள் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கின்றன. இந்தியாவின் ஆதித்யா-எல்1 சுற்றிக்கொண்டிருப்பது அதில் சூரியன் பக்கத்துக் கலங்கலைத்தான்.

1878-ல் அமெரிக்கரான ஜார்ஜ் வில்லியம் ஹில், நிலாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். நிலாவின் ஆற்றல் மட்டம் கலங்கலுக்குக் கீழே இருந்தது. பூமியின் பாதையை வட்டமாக எடுத்துக்கொண்ட எளிய கணக்குதான் அது. ஆனால் விடை தெளிவு: நிலா எந்த நாளில் எங்கே இருக்கும் என்று கணக்கிடாமலேயே, அது வெளியே போக முடியாது என்று காட்ட முடிந்தது. அதற்குக் கதவு மூடியிருக்கிறது.

போனது திரும்பியும் வரும்

கதவு திறந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்காது. வெளியே போனது உள்ளேயும் வரலாம். இது வெறும் பேச்சு இல்லை, நடந்திருக்கிறது.

2002 செப்டம்பரில் பூமியைச் சுற்றும் ஒரு மர்மப் பொருளை பில் யங் என்ற வானியல் ஆர்வலர் கண்டுபிடித்தார். ஜே002ஈ3 என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விண்கல் என்று நினைத்து ஆராய்ந்தால், மேலே வெள்ளை பெயின்ட் இருப்பது தெரிந்தது. 1969-ல் ஏவப்பட்ட அப்போலோ-12 ராக்கெட்டின் மூன்றாவது அடுக்கு அது என்பதுதான் விஞ்ஞானிகளின் முடிவு. சூரியனைச் சுற்றப் போன அந்த ராக்கெட் துண்டு, 2002-ல் சூரியன்-பூமி எல்-1 வாசல் வழியாகத் திரும்பி வந்தது. சில சுற்று சுற்றிவிட்டு 2003 ஜூனில் மறுபடி வெளியே போனது.

2020-லும் அதேபோல் நடந்தது. 2020 எஸ்ஓ என்று பெயரிடப்பட்ட பொருள், 2020 நவம்பரில் பூமியின் ஈர்ப்புப் பிடிக்குள் வந்தது. 'பூமிக்குக் குட்டி நிலா' என்று செய்தி பரவியது. அது 1966-ல் ஏவப்பட்ட சர்வேயர்-2 பயணத்தின் சென்டார் ராக்கெட் என்று பிறகு உறுதியானது. 54 வருஷம் கழித்துத் திரும்பி வந்த பழைய குப்பை. 2021 மார்ச்சில் அதுவும் கிளம்பிவிட்டது.

எரிபொருளை மிச்சம் பிடிக்கும் வழி

இந்தக் கதவுகளால் லாபமும் உண்டு. 1990-ல் ஜப்பான் ஹிட்டென் என்ற கலனை ஏவியது. அது நிலாவுக்கு அனுப்பிய சின்னக் கலனின் ரேடியோ செயலிழந்தது. ஹிட்டெனையே நிலாவுக்கு அனுப்பலாம் என்றால் வழக்கமான வழிக்கு எரிபொருள் போதாது. அப்போது நாசாவின் ஜேபிஎல் மையத்தில் இருந்த எட்வர்ட் பெல்புரூனோவும் ஜேம்ஸ் மில்லரும் வேறு வழி சொன்னார்கள். நிலாவை நேராகக் குறிவைக்காமல் அதைத் தாண்டி ரொம்ப தூரம் போய், சூரியனின் இழுப்பைப் பயன்படுத்திக்கொண்டு, வெளிப்பக்க வாசல் வழியாக மெதுவாக நிலாவை அடைவது. 1991 அக்டோபரில் ஹிட்டென் நிலாவை அடைந்தது.

2022-ல் தென்கொரியாவின் டனுரி கலனும் இதே பாணியில் போனது. கலனின் எடை திட்டமிட்டதைவிடக் கூடிவிட்டதால் எரிபொருள் கணக்கு இடித்தது. சில நாளில் முடியக்கூடிய பயணத்துக்கு நாலரை மாதம் ஆனது. நேரத்தைக் கொடுத்து எரிபொருளை வாங்கினார்கள் என்று சொல்லலாம்.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செலவு 2,104 கோடி ரூபாய். நிலாவின் மண்ணை எடுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் நிலா குளத்திலிருந்து கலங்கலைத் திறந்து வெளியே வருவது. உந்துவிசை கலனைத் திருப்பிக் கொண்டுவந்தது இதற்கான ஒத்திகைகளில் ஒன்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேலை முடிந்த கலனை எங்கே விடுவது? 2023-ல் பாதையை முடிவு செய்தபோது இஸ்ரோ இரண்டு நிபந்தனைகளை வைத்தது. கலன் நிலாவில் மோதக் கூடாது. 36,000 கி.மீ. உயரத்தில் டிவி, தகவல்தொடர்பு செயற்கைக்கோள்கள் இருக்கும் வட்டத்துக்குள்ளும், அதற்குக் கீழேயும் வரக் கூடாது.

இதற்கு ஜாகோபி கணக்கு மட்டும் போதாது. அந்தக் கணக்கு வெளியே உள்ள கரையைத்தான் காட்டும். ஏரிக்குள்ளே படகு எந்த மூலைக்குப் போகும் என்று சொல்லாது. அதனால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். எரிபொருள் இருக்கும்வரை பாதையைத் திருத்தலாம். அது தீர்ந்த பிறகு, கதவு மூடிய இடத்தில் விடப்பட்ட கலன் அங்கேயே இருக்கும் என்று கணிசமான நம்பிக்கையோடு சொல்லலாம். கதவு திறந்த நிலையில் விடப்பட்டது எப்போது, எந்தப் பக்கம் வரும் என்று அப்படிச் சொல்ல முடியாது. அப்போலோ-12 துண்டு திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

நிலாவுக்கு அமெரிக்கா, சீனா, இந்தியா, ஜப்பான், தென்கொரியா என்று வரிசையாகக் கலன்கள் போகின்றன. போகும் ஒவ்வொன்றும் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஒரு கலனைக் கைவிடும் முன், அதன் மட்டம் கலங்கலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்து விடுவது, பின்னால் வருபவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

அடுத்த முறை 'பூமிக்கு இரண்டாவது நிலா கிடைத்தது' என்ற தலைப்பு மொபைலில் வந்து விழுந்தால், இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். அது 15 லட்சம் கி.மீ. வாசலுக்கு உள்ளே இருக்கிறதா? உள்ளே இருந்தால், அதற்குப் பின்னால் கதவு மூடியிருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், அது வந்த வழியிலோ வேறு வழியிலோ கிளம்பிவிடக்கூடிய விருந்தாளிதான். இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வரும் இயற்கைத் துணை நமக்கு ஒன்றுதான். இன்று ராத்திரி மேகம் இல்லாவிட்டால் மாடியில் நின்று அதைப் பார்க்கலாம். அமாவாசையாக மட்டும் இருக்கக் கூடாது.